சீனிக்கண்ணின் நிறம்

ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு என்ன வேலை என்று எங்கள் தெருவில் யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. ஒருமுறை சொல்லப்போய் வசமாக மாட்டிக்கொண்டேன். "டிவிக்குக் கலர் பாக்குறா" என்றேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டு சோணை தன் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். "ஒரு ஓரமாப் பச்சை அடிக்குதுப்பா, அந்தப் புள்ளைட்டக் குடுத்துச் சரிபண்ணித் தந்துரு" என்கிறார். அவருக்கு விளக்கிச் சொல்லி டிவியைத் திருப்பி அனுப்புவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பிர்தௌஸ் டிவியைப் பழுது பார்ப்பவள் அல்ல. கணினியில் வரைந்து அசைய விடுகிற கார்ட்டூன் படங்களை, டிவியில் ஒளிபரப்புவதற்கு ஏற்றபடி நிறம் திருத்தித் தருபவள். இதெல்லாம் ஒரு வேலையா என்று நானே ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன். வரைகிறவன் சிவப்பு என்று போட்டால் சிவப்பாகத் தெரிந்துவிட்டுப் போகிறது. அப்படியில்லையாம். கணினித் திரை எந்த நிறத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். டிவிக்கு வயிறு சின்னது. வெள்ளை ஓர் அளவுக்கு மேல் ஏறினால் கண் கூசும், சானல்காரர்களின் கருவி அதைப் பிடித்துப் படத்தையே திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அதற்குள் இருக்கிற எதுவும் தெரியாது. சிவப்பு தூக்கலாக இருந்தால் கோட்டைத் தாண்டி வழியும். பொடிக்கட்டம் போட்ட சேலை நடுங்கும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்த ஓர் ஆள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் இடத்தில் அந்த ஆள் பிர்தௌஸ்.

நான் செம்மலை. அதே இடத்தில் ஒலி வேலை. வசனம், காலடிச் சத்தம், மழை, இடி எல்லாம் என் பொறுப்பு. காது கூர்மையாக இருக்கிறவனுக்கு அடுத்தவர்கள் பேசுவதெல்லாம் சத்தமாகத்தான் கேட்கும், அதனால்தான் எனக்குச் சீக்கிரம் எரிச்சல் வருகிறது என்பாள் என் மனைவி சத்தியப்பிரியா. பிர்தௌஸுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனாலேயே எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

எங்கள் இடம் என்றேனே, அது காரைக்குடியில் கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் பின்புறத் தெருவில் இருக்கிற ராமநாதனின் பூர்வீகச் செட்டிநாட்டு வீடு. ராமநாதன் பெங்களூரில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் இருந்துவிட்டு, பாதி ஆயுள் டிராபிக்கிலேயே போகிறது என்று ஊருக்குத் திரும்பியவர். நடுவில் திறந்த முற்றமாக இருக்கிற வளவைச் சுற்றியுள்ள அறைகளில் பிள்ளைகள் உட்கார்ந்து வரைகிறார்கள். எனக்கு மாடியில் ஓர் அறை, சுவரெல்லாம் மெத்தை அடித்தது. பிர்தௌஸுக்கு உள்ளே ஒரு சாமான் அறை. கல்யாணச் சீராக வந்த வெண்கலமும் பித்தளையும் அடுக்கி வைப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. ஜன்னல் கிடையாது. கனத்த கதவைச் சாத்தினால் பட்டப்பகலில் நம் கை நமக்குத் தெரியாது. அதைப் பார்த்த அன்றே அவள் சொக்கிப்போனாள்.

"கலர் பாக்குற ரூமுக்குள்ள வெளி வெளிச்சம் வரக் கூடாதுண்ணே. மெட்ராஸ்ல கறுப்புத் துணியக் கட்டிக் கட்டி மாஞ்சு போவோம். இங்க பாருங்க, செட்டியார் வீட்டுல முன்னாலயே எனக்குன்னு கட்டி வச்சிருக்காக!" என்றாள்.

அவளுக்குக் கழனிவாசல் பக்கம் வீடு. இங்கேயே கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி உவைஸோடு சென்னைக்குப் போய், விளம்பரப் படங்களுக்கு நிறம் திருத்துகிற ஓரிடத்தில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டாள். உவைஸுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்ததும், மகள் ஷாஜியாவோடு மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரைக்குடியில் இந்த வேலைக்கு எங்கே போவது, இனி தையல் மெஷின்தான் என்று இருந்தவளுக்கு ராமநாதன் கம்பெனி ஆரம்பித்த செய்தி தெரிந்திருக்கிறது. விண்ணப்பம் ஒன்றும் போடவில்லை. நேரே வந்து, ராமநாதன் அதற்குமுன் செய்திருந்த ஒரு படத்தைப் பார்த்து, "இதுல வானம் வெள்ளை ஏறிக் கொதிக்குதேண்ணே, யாரு கலர் பாத்தது?" என்று கேட்டாள். பார்த்தது ராமநாதன்தான். அன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஸ்கூட்டியில் வருவாள். கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று அவ்வப்போது வளவுக்கு வந்து, ஆகாயத்தைப் பார்த்தபடி டீ குடிப்பாள். "இந்த வேலைக்குன்னே பொறந்த கண்ணுண்ணே இது" என்று தன் கண்ணைத் தானே மெச்சிக்கொள்வாள். தன்னடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. வேலை பிடித்திருக்கிறது, ஊர் பிடித்திருக்கிறது, மாமியாரைக்கூடப் பிடித்திருக்கிறது. இப்படி ஒரு ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

சென்னையில் இருக்கிற ஒரு சிறுவர் சானலுக்காக ராமநாதன் ஒரு தொடர் எடுத்தார். ஆடு மேய்க்கிற ஒரு சிறுமி, பெயர் சீனிக்கண்ணு. அவளும் அவளுடைய ஆடும் ஊர் சுற்றுவதும் வம்பில் மாட்டுவதும்தான் கதை. சனிக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு என்று பேச்சு.

முதல் சண்டை பாவாடைக்கு. ராமநாதனுக்கு அந்தச் சிறுமியின் பாவாடை கண்ணைப் பறிக்கிற சிவப்பாக இருக்க வேண்டும்.

"சிவப்புன்னா மிளகாப்பழச் சிவப்பா இருக்கணும் பிர்தௌஸ்."

"மிளகாப்பழத்த அப்படியே குடுத்தா டிவில பக்கத்துல நிக்கிற ஆட்டு மேல வழியும்ணே. ஆட்டுக்கும் சேத்துப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அவள் சிவப்பைக் கொஞ்சம் அடக்கி, பின்னாலிருந்த கருவேலம் புதர்களின் பச்சையைக் கூட்டினாள். பச்சைக்குப் பக்கத்தில் அடங்கிய சிவப்பே பற்றி எரிந்தது. ராமநாதன் வந்து பார்த்துவிட்டு, "இதத்தான நானும் கேட்டேன்" என்றார். பிர்தௌஸ் என்னைப் பார்த்தாள். நான் மேலே பார்த்துக்கொண்டேன். அதேபோல் சீனிக்கண்ணின் அம்மா கட்டியிருந்த கண்டாங்கிச் சேலையின் பொடிக்கட்டம் டிவியில் நடுங்கியது. கட்டத்தைப் பெரிசாக்கினாள். கண்டாங்கி இப்போது கொஞ்சம் போர்வை மாதிரி இருந்தாலும் நடுங்கவில்லை.

இரண்டாவது சண்டை பெரியது. அது சீனிக்கண்ணின் நிறத்துக்காக.

ராமநாதன் முதலில் கொடுத்தது கோதுமை நிறம். "நாள் பூரா வெயில்ல ஆடு மேய்க்கிற புள்ள எப்படிண்ணே இந்தக் கலர்ல இருக்கும்? குடை பிடிச்சுக்கிட்டா மேய்க்கிறா?" என்று பிர்தௌஸ் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்துக்காக மட்டும் அவள் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் பெண் பார்க்கிற பேச்சில் மாநிறம் என்றால் கறுப்பு. புதுநிறம் என்றாலும் கறுப்பு. கறுப்பு என்றே ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கு அந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று பொருள். பிர்தௌஸ் நல்ல கறுப்பு. உவைஸ் நல்ல சிவப்பு. ஷாஜியா அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். ஒரு நிக்காஹ் வீட்டில் உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி ஷாஜியாவின் கன்னத்தைத் தடவி, "அத்தா நெறத்துல வந்திருக்கலாம்" என்று பெருமூச்சு விட்டிருக்கிறாள். ஷாஜியா மூன்றாம் வகுப்புப் பிள்ளை. அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்குக் கிளம்பும்போது முகத்தோடு சேர்த்து இரண்டு கைகளுக்கும் பவுடர் போட ஆரம்பித்திருக்கிறாள். இதை என்னிடம் பிர்தௌஸே சொன்னாள். எனக்கு அந்தப் பெருமூச்சுக்காரியைத் தேடிப் போய் நாலு கேள்வி கேட்கலாம் போலிருந்தது.

"நான் ஒண்ணுஞ் சொல்லலண்ணே. பவுடரப் பிடுங்கவும் இல்ல. ‘இருடி, டிவில உன் கலர்லயே ஒருத்தி வரப்போறா, அம்மாதான் கலர் பாக்குறேன்’னு மட்டும் சொல்லிட்டேன். அவ போய் கிளாஸ் பூராச் சொல்லிட்டு வந்துட்டா" என்றாள்.

ஆகவே அந்த நிறம் வந்தே தீர வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாஜியாவை வீட்டு வாசலில் நிற்கவைத்து அவள் கையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தைக் கலந்தாள். ராமநாதனும் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சாமான் அறையின் இருட்டில் அவள் அதைக் காட்டியபோது நானும் அசந்துபோனேன். நாவல்பழத் தோல் மாதிரி ஒரு மினுமினுப்பு. அதில் இரண்டு கண், ஒரு குறும்புச் சிரிப்பு. முதல் பகுதியை முடித்துச் சென்னைக்கு அனுப்பினோம்.

சானலில் படங்களைச் சரிபார்க்கிற பொறுப்பில் இருப்பவர் சந்திரலேகா என்ற அம்மாள். அவரிடமிருந்து போன் வந்தது. ராமநாதன் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"கதை சூப்பர் சார். ஆனா அந்தப் பொண்ணு முகம் ரொம்ப டார்க்கா இருக்கு. கண்ணு மட்டும்தான் தெரியுது. ரெண்டு ஷேடு லைட் பண்ணி அனுப்பிடுங்க. இந்த சனிக்கிழமை ஸ்லாட் உங்களோடது, மிஸ் பண்ணிடாதீங்க."

போனை வைத்ததுதான் தாமதம், பிர்தௌஸ் பொரிந்து தள்ளிவிட்டாள். "கண்ணு மட்டும்தான் தெரியுதாம்ல! எங்க ஊர்ல வந்து பாக்கச் சொல்லுங்க. எங்க புள்ளைகளுக்கெல்லாம் மூஞ்சி தெரியாமலா நாங்க சோறு ஊட்டுறோம்?" நானும் சேர்ந்துகொண்டேன். சென்னைக்காரர்களைப் பற்றியும் சிவப்பழகு கிரீம்களைப் பற்றியும் எனக்கு நிறையக் கருத்து உண்டு. எல்லாவற்றையும் சொன்னேன். டீ கொண்டுவந்த பையன்கூட நின்று கேட்டான்.

ராமநாதன் மட்டும் சேரவில்லை. கோதுமை நிறத்திலிருந்த பழைய சீனிக்கண்ணைத் திரையில் கொண்டுவந்து வைத்தார். "எனக்கும் மனசில்லதான். ஆனா இந்த ஸ்லாட் போச்சுன்னா அடுத்து எப்ப கூப்பிடுவாகன்னு தெரியாது. இதையே அனுப்பிருவோம்" என்றார். பிர்தௌஸ் அந்தத் திரையை அணைத்தாள். "நாளைக்கு ஒரு நாள் குடுங்கண்ணே. அவுக சொல்றது தப்புன்னு ஆதாரத்தோட காட்டுறேன்" என்றாள். அவர் தலையாட்டினார்.

ஆதாரம் என்று அவள் நினைத்தது இதுதான். சாதாரண வீட்டில், சாதாரண டிவியில் படத்தை ஓடவிட்டு, முகம் தெளிவாகத் தெரிவதைப் போனில் படமெடுத்துச் சந்திரலேகாவுக்கு அனுப்புவது. அவள் வீட்டு டிவியில் ஏற்கெனவே பார்த்துவிட்டாளாம், பளிச்சென்று இருந்ததாம். இன்னொரு வீட்டிலும் எடுத்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அன்று மாலையே ஷாஜியாவை மாமியாரிடம் விட்டுவிட்டு, பென்டிரைவோடு செஞ்சையில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தாள்.

எங்கள் வீடு மேற்குப் பார்த்த வாசல். டிவி வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இருக்கிறது. அவள் வந்த நேரம் சத்தியப்பிரியா முகம் கழுவி, சாமி விளக்கை ஏற்றி, வாசல் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். ட்யூப்லைட்டும் எரிந்தது. இறங்குகிற வெயில் நேரே உள்ளே வந்து டிவி மேல் விழுந்தது.

"அண்ணி, படம் எடுக்கணும். கதவக் கொஞ்சம் சாத்திக்கிரட்டா?" என்று பிர்தௌஸ் கேட்டாள்.

சத்தியப்பிரியா பதறிவிட்டாள். "வெளக்கு வச்ச நேரத்துல கதவச் சாத்தவா? நல்லாச் சொன்ன போ! வர்ற லட்சுமிய வாசல்லயே நிப்பாட்டுறதுக்கா?"

"லைட்டையாச்சும் அமத்துங்க அண்ணி."

"அதுவும் ஆகாதுத்தா. நீ வேணும்னா செத்த நேரம் கழிச்சுப் போடு."

பிர்தௌஸுக்குப் பொறுமை ஏது? இருக்கிற வெளிச்சத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று படத்தை ஓடவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆடு வந்தது, வெள்ளையாக, அழகாக. பாவாடை வந்தது, ஜம்மென்று. பாவாடைக்கு மேலே ஒரு கறுப்புத் திட்டு வந்தது. திட்டில் இரண்டு கண் முழித்தன. சீனிக்கண்ணு சிரித்திருக்க வேண்டிய இடம் அது. திரையில் வாசல் கதவும் தெருவும் சோணையின் சைக்கிளும்தான் தெரிந்தன.

சத்தியப்பிரியா நல்லெண்ணத்தோடுதான் கேட்டாள். "ஏத்தா, அந்தப் புள்ளைக்கு வாய் எங்குட்டு இருக்கு?"

பிர்தௌஸ் போனை இறக்கிவிட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இன்னொரு பக்கம், சொல்லத்தான் வேண்டும், ஏமாற்றமாகவும் இருந்தது. நியாயம் நம் பக்கம் என்று கோபப்படுவதில் ஒரு சுகம் உண்டு. காலையிலிருந்து அதை ரசித்து அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்டு டிவில நல்லாத் தெரிஞ்சுச்சுன்ன?" என்றேன்.

"எங்க வீட்டுல மஃரிப் தொழுகை நேரம் ஆச்சுன்னா கதவ அடைச்சு, புள்ளைகள உள்ள கூப்பிட்டுக்கிருவோம்ணே. டிவியும் உள்ரூம்புல இருக்கு. நான் பாத்த நேரம் ஒரு வெளிச்சமும் இல்ல." பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்டுல மட்டுமா? ஆபீஸ்லயும் அதான செஞ்சிருக்கேன்! அந்தச் சாமான் ரூம்பு கும்மிருட்டுல உக்காந்து உக்காந்து கண்ணு இருட்டுக்குப் பழகிப் போச்சு. துளியூண்டு வெளிச்சம் இருந்தாக்கூட எனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. மெட்ராஸ்ல மானிட்டருக்குப் பின்னாடி மங்கலா ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கண்ணு இருட்டுக்குப் பழகிறக் கூடாதுன்னுதான் அதுன்னு தெரிஞ்சும் இங்க அமத்திட்டேன். செட்டியார் வீட்டு இருட்டு கெடைச்ச பெருமை எனக்கு. ஊரே ஆறு மணிக்குக் கதவத் தொறந்து போட்டுக்கிட்டு டிவி பாக்குது, நான் பொட்டிக்குள்ள உக்காந்து கலர் பாத்திருக்கேன்."

"அப்ப அந்தம்மா சொன்னது சரிதானா? லைட் பண்ணிரலாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன். "மூஞ்சி தெரியலன்னு சொன்னது சரி. அதுக்காக வெளுக்க மாட்டேன். தெரிய வைப்பேன். அது என் வேலை."

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது அங்கே ஒரே களேபரம். பிர்தௌஸ் தன் மானிட்டரைச் சாமான் அறையிலிருந்து தூக்கி வரச்சொல்லி, வளவு ஓரத்தில், ஆகாயம் பார்த்த வெளிச்சத்தில் மேசை போட்டு வைத்திருந்தாள். வரைகிற பிள்ளைகளுக்கு நடக்க இடமில்லை. ராமநாதன், "என்னம்மா இது, வத்தல் காயப் போட்ட மாதிரி!" என்று முணுமுணுத்தபடி சுற்றிக்கொண்டு போனார். அவள் காதில் வாங்கவில்லை.

அன்று அவள் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முகத்தின் நிறத்தில் முதலில் கையே வைக்கவில்லை. சீனிக்கண்ணுக்குப் பின்னாலிருந்த மண்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் முகத்தின் வடிவம் தனியாக எழுந்து வந்தது. கண்ணின் வெள்ளையைக் கொஞ்சம் இறக்கினாள். அது முழித்துக்கொண்டு நின்றதால்தான் மற்றதெல்லாம் உள்ளே போனதாம். மூக்குத்தண்டு, கன்னமேடு, நெற்றி ஆகிய இடங்களில் வெயில் பட்ட எண்ணெய்ப் பளபளப்பைக் கொடுத்தாள். உதட்டில் கொஞ்சம் ரத்தம் ஏற்றினாள். கடைசியில்தான் முகத்தின் அடியிருட்டை மேலே தூக்கினாள். அதையும் சும்மா தூக்கவில்லை. ஷாஜியாவின் கையைப் படம் எடுத்து வைத்திருந்தாளே, அதை அதே வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றாக வருகிற இடம் வரைக்கும் தூக்கி நிறுத்தினாள். "முன்னாடி நான் வச்சது புள்ள கலரே இல்லண்ணே, அதவிடக் கறுப்பு. இருட்டுல போன் ஸ்க்ரீன் தானா மங்கிருச்சு, அதப் பாத்துக் கலந்த கலரு. இப்பத்தான் சரியா வந்திருக்கு" என்றாள்.

ஒவ்வொரு காட்சிக்கும் இப்படி. நடுவில் டீயும் குடிக்கவில்லை. ராமநாதன் மதியம் வந்து நின்று பார்த்தார். தன் கோதுமைப் பெண்ணையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை அவரே எடுத்துவிட்டு, "இத அனுப்பு. ஆனா அவுக மறுபடி ஏதாச்சும் சொன்னா எனக்கு வேற வழியில்ல பிர்தௌஸ்" என்றார்.

அனுப்பினோம். சந்திரலேகா அழைக்கிற வரைக்கும் பிர்தௌஸ் வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். நான் மாடியில் ஒரு கதவு கிறீச்சிடும் சத்தத்தைப் பதிவு செய்ய முயன்று, அவள் செருப்புச் சத்தம் சேர்ந்துகொண்டதால் விட்டுவிட்டேன்.

போன் வந்தது. "இப்போ கரெக்டா இருக்கு சார். சிரிக்கிறது, முறைக்கிறது எல்லாம் தெரியுது. ஓகே பண்ணிட்டேன்."

பிர்தௌஸுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "மேடம், நான் அவ கலரக் கோதுமையா மாத்தல. கறுப்பாத்தான் இருக்கா. பாத்துட்டீங்கள்ல?" என்றாள். ராமநாதன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அதான் பாத்தேனே. கறுப்பா இருந்தா என்னங்க? நான் முகம் தெரியணும்னுதான் சொன்னேன்" என்றார் சந்திரலேகா. முதல் நாள் "ரெண்டு ஷேடு" என்று சொன்னது யார் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பிர்தௌஸ் என் கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

சனிக்கிழமை படத்தைத் தன் வீட்டில் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டில்தான் பார்க்க வேண்டுமாம், அதே மேற்கு வாசல், அதே டிவி. ஷாஜியாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சத்தியப்பிரியா விளக்கேற்றி, கதவை விரியத் திறந்து வைத்து, பிள்ளைக்குத் தட்டில் முறுக்கு வைத்தாள். பிர்தௌஸ் இன்னொரு ட்யூப்லைட்டையும் போடச் சொன்னாள். சோணை வாசலில் எட்டிப் பார்த்து, "டிவி நல்லாத்தான ஓடுது, பெறகு எதுக்கு இந்தப் புள்ள வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

படம் ஆரம்பித்தது. வெயில் முழுசாகத் திரைமேல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து சீனிக்கண்ணு வந்தாள். கறுப்பாக, களையாக, மூக்கும் முழியுமாக. ஆட்டைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள், அந்தச் சுழிப்பு வாசலில் நின்ற சோணைக்கே தெரிந்து அவர் சிரித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமையாக இருந்தது. ஆனால் பிர்தௌஸ் டிவியைப் பார்க்கவே இல்லை. மகளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாஜியா முறுக்கைக் கடிக்க மறந்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆடு கிணற்றடியில் மாட்டிக்கொண்டபோது எழுந்து நின்றாள். சீனிக்கண்ணு அதைக் காப்பாற்றியதும் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், வேறொன்றும் தெரியவில்லை.

படம் முடிந்தது. பிர்தௌஸ் மெதுவாக, "எப்புடிம்மா இருந்துச்சு?" என்றாள்.

"நல்லா இருந்துச்சும்மா. ஆனா அந்த ஆடு கத்துறது ஆடு மாதிரியே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அது நிஜ ஆடு. அதன் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் அரைநாள் நின்றிருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். பிர்தௌஸ் கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டு, மகளிடம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஆடு கெடக்கட்டும்டி. சீனிக்கண்ணு எப்புடி இருக்கா?"

ஷாஜியாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவளுக்கு என்னம்மா? அவ நம்ம மாதிரித்தான இருக்கா. ஆட்டத்தான் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறுக்கு கேட்டுச் சத்தியப்பிரியாவின் பின்னால் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிர்தௌஸ் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முறுக்குத் தட்டோடு திரும்பி வந்த சத்தியப்பிரியா பதறிப்போய், "என்னாச்சுத்தா, புள்ள ஏதும் சொல்லிருச்சா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

துப்பட்டாவை விலக்கியபோது அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "ஒண்ணுமே சொல்லல அண்ணி. கலரப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. அவளுக்குச் சொல்லணும்னு தோணவே இல்ல."